மலையில ஒரு வாடகை வீடு: கணக்கும் கையெழுத்தும்

(ஒலிப்பதிவின் சுருக்கித் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

நான் சென்னையில, அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில கணக்குப் பிரிவுல வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் ஜமுனாமரத்தூர். திருவண்ணாமலை மாவட்டம், போளூர்ல இருந்து மலை ஏறணும். ஜவ்வாதுமலைன்னு சொன்னா சிலருக்குத் தெரியும், காவலூர் தொலைநோக்கி இருக்கிற மலைன்னு சொன்னா இன்னும் கொஞ்சம் பேருக்குத் தெரியும். நாங்க மலையாளிங்க. உடனே "கேரளாவா?"ன்னு கேட்பாங்க. ஹாஸ்டல்ல மூணு வருஷம் இதுக்குப் பதில் சொல்லியே களைச்சுப் போனேன். கேரளா இல்லைங்க. மலையை ஆளுறவங்க, மலையில இருக்கிறவங்கன்னு அர்த்தம். பழங்குடிப் பட்டியல்ல இருக்கிற சமூகம். பேசுறது தமிழ்தான்.

வாடகை வீடு கட்டி வருமானம் பார்க்கிறது எப்படி, அதுக்குப் பணம் எங்க இருந்து வரும், இதைப் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் ஒண்ணும் பெரிய முதலீட்டாளர் இல்லை. என்கிட்ட இருக்கிறது மொத்தம் ரெண்டு போர்ஷன். ஒண்ணு 380 சதுர அடி, இன்னொண்ணு 260. ஆனா ஒவ்வொரு ரூபாயும் எங்க இருந்து வந்துச்சு, எங்க போச்சுன்னு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். அது தொழில் புத்தி. அதனால அந்த நோட்டைப் பார்த்தே பேசுறேன்.

முதல்ல உங்க கணக்கைப் பார்ப்போம். என் ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற பொண்ணு ஒருத்தி, "ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டுடலாம்டி, வர்ற வாடகையே இஎம்ஐயைக் கட்டிடும்"னு சொல்லிக்கிட்டே இருப்பா. ஒருநாள் மத்தியானம் டிபன் பாக்ஸை மூடி வச்சுட்டு ரெண்டு பேரும் கணக்குப் போட்டோம். புறநகர்ல 60 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட். அந்தத் தெருவுல வாடகை 16,000. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரைக்குமான கடனுக்கு வீட்டு மதிப்புல 90% வரை தரலாம், 30-ல இருந்து 75 லட்சம் வரை 80%, அதுக்கு மேல 75%. அப்போ 60 லட்சம் வீட்டுக்கு 48 லட்சம்தான் கடன். மீதி 12 லட்சம் நம்ம கையில இருந்து. முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%, சேர்த்து 9%. அது 5 லட்சத்து 40 ஆயிரம். இந்தப் பத்திரச் செலவை, 10 லட்சத்துக்கு மேல விலை இருக்கிற வீட்டுக்கு, கடன் கணக்குல சேர்க்க மாட்டாங்க. அதனால கையில 17 லட்சத்து 40 ஆயிரம் இல்லாம அந்த வீட்டுப் பக்கமே போக முடியாது. புரோக்கர் கமிஷன், பெயிண்ட் எல்லாம் இன்னும் சேர்க்கவே இல்லை.

சரி, கடன் கிடைச்சிடுச்சுன்னே வச்சுக்குவோம். 48 லட்சம், 8% வட்டி, 20 வருஷம். மாசத் தவணை 40,149 ரூபாய். முதல் மாசம் அதுல வட்டி மட்டும் 32,000. வாடகை 16,000. மாசாமாசம் 24,000 ரூபாய் நீங்க கையில இருந்து போடணும், அதுவும் ஒரு மாசம்கூட வீடு காலியா இல்லாம இருந்தா. வீட்டு விலை ஏறும்னு நம்பி வாங்குறது வேற விஷயம், அது ஒரு பந்தயம், கட்டுறவங்க கட்டலாம். ஆனா "வாடகை இஎம்ஐயைக் கட்டும்"னு யாராவது சொன்னா, எந்த ஊர்ல, எவ்வளவு முன்பணம் போட்டுன்னு கேளுங்க.

வரி பத்தியும் ஒரு வார்த்தை. வாடகை வருமானத்துல 30% பராமரிப்புக் கழிவா எடுத்துட்டு, கடன் வட்டியையும் கழிச்சுக்கலாம். அப்படிக் கழிச்சு நஷ்டம் வந்தா, பழைய வரி முறையில வருஷத்துக்கு 2 லட்சம் வரைக்கும் சம்பளத்துல ஈடு கட்டலாம். புதிய முறையில அது கிடையாது. நம்மள்ல பாதிப் பேர் இப்போ புதிய முறைக்குப் போயிட்டோம். "வீட்டுக் கடன் வாங்கினா வரி மிச்சம்"னு மாமா சொல்றதைக் கேட்டு வாங்கிடாதீங்க. மாமா காலத்துக் கணக்கு அது.

இப்போ மலைக்கு வர்றேன்.

எங்களுக்கு ரோட்டோரமா 60 சென்ட் நிலம். தாத்தா காலத்துல அரசு ஒப்படை பண்ணின நிலம். சாமை போடுவோம், ஓரத்துல பலா, சீத்தாப்பழம். பட்டா அப்பா பேர்ல இருக்கு. ஆனா அந்தப் பட்டாவுல நிபந்தனை இருக்கு: பழங்குடி அல்லாத ஒருத்தருக்கு விற்கக் கூடாது. இதுக்கு அடிப்படை வருவாய் வாரிய நிலையாணை 15. மலையில நிலம் ஒப்படை பண்ணும்போது போடுற நிபந்தனை இது. ஆந்திராவுல அட்டவணைப் பகுதிகளுக்கு 1970-ல வந்த ஒரு ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கு, அங்க "1/70"ன்னு சொன்னா டீக்கடையில இருக்கிறவருக்கும் தெரியும். பழங்குடி நிலம் வெளியாளுக்கு மாறவே கூடாதுன்னு சொல்ற சட்டம். தமிழ்நாட்டுல அரசியலமைப்போட ஐந்தாம் அட்டவணையில வர்ற பகுதி ஒண்ணுகூடக் கிடையாது. அதனால எங்களுக்குப் பாதுகாப்புன்னா பெரும்பாலும் இந்தப் பட்டா நிபந்தனைதான். ஒரு தாள்ல இருக்கிற ரெண்டு வரி.

வன உரிமைச் சட்டம் 2006-ன்படி உரிமை வாங்கின நிலம் இன்னொரு வகை. அது வாரிசுக்குப் போகும், யாருக்கும் விற்க முடியாது.

இந்த ரெண்டு வரியோட அருமை எனக்கு 2019-ல தெரிஞ்சது. நான் அப்போ கல்லூரியில ரெண்டாம் வருஷம். அப்பா பலா மரத்துல இருந்து விழுந்து தொடை எலும்பு முறிஞ்சுது. வேலூர்ல ஆபரேஷன். காப்பீட்டு அட்டையைப் புதுப்பிக்காம விட்டிருந்தோம். கையில இருந்து 1 லட்சத்து 80 ஆயிரம் வேணும். மூணாவது நாளே கீழ இருந்து ஒருத்தர் ஆஸ்பத்திரிக்கு வந்தார், ஆப்பிள், ஹார்லிக்ஸோட. அப்பாவுக்கு ஏற்கெனவே தெரிஞ்சவர், மிளகு வாங்க வருவார். ரோட்டுப் பக்கத்து 40 சென்ட்டுக்கு 3 லட்சம் அட்வான்ஸ் தர்றேன், பத்திரம் எல்லாம் வேண்டாம், ஒரு பவர் மட்டும் எழுதிக் கொடுங்க, பின்னாடி பார்த்துக்கலாம்னார்.

அப்பா சொன்னது எனக்கு இன்னும் காதுல இருக்கு: "கையெழுத்துதானேம்மா. நிலம் எங்க போவப் போவுது, இங்கதானே இருக்கும்."

அம்மா மட்டும் அன்னிக்கு ஒத்துக்கலை. சட்டம் தெரிஞ்சு இல்லை. அந்த ஆள் ஸ்டாம்ப் பேப்பரைக் கையோட கொண்டுவந்திருந்தார், அது அம்மாவுக்குப் பிடிக்கலை. "நோயாளியைப் பார்க்க வர்றவன் எதுக்குப் பத்திரம் எடுத்துட்டு வர்றான்?" அவ்வளவுதான் அம்மா கேட்டது. நகையை அடகு வச்சு ஆபரேஷன் முடிஞ்சுது. அப்புறமா ஊர்ல விஏஓகிட்ட விசாரிச்சப்போதான், அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தா அப்பாவும் நிபந்தனையை மீறினவர் ஆயிருப்பார், பட்டாவையே ரத்து பண்ணி நிலத்தை அரசு திரும்ப எடுக்க வழி இருக்குன்னு தெரிஞ்சுது. வந்தவருக்கும் அது சொந்தமாகி இருக்காது. பவர் பத்திரத்தை வச்சு நிலம் கை மாறாதுன்னு உச்ச நீதிமன்றம் 2011-லேயே சூரஜ் லேம்ப் வழக்குல சொல்லிடுச்சு. ஆனா காகிதத்துல சொந்தமில்லைன்னாலும் வேலி போட்டுட்டு உட்கார்ந்தவரை எழுப்ப எத்தனை வருஷம் கோர்ட்டுக்கு அலையணும்? எங்க ஊர்ல யார்கிட்ட அந்தக் காசு இருக்கு?

இதைக் கேட்கிறவங்கள்ல சிலருக்கு "மலையில அரை ஏக்கர், ஒரு ஹோம்ஸ்டே"ன்னு ஆசை இருக்கும். இருக்கட்டும், தப்பில்லை. ஆனா எங்க மலையில, அதேமாதிரி மத்த பழங்குடி மலைகள்ல யாராவது "பட்டா நிலம், சென்ட் இவ்வளவு"ன்னு சொன்னா, பட்டா நகலை வாங்கினதோட நிறுத்தாதீங்க. 'அ' பதிவேட்டை எடுத்துப் பாருங்க. ஒப்படை ஆணையைக் கேளுங்க, அதுலதான் நிபந்தனை எழுதியிருக்கும். வில்லங்கச் சான்றுல ஒண்ணும் இல்லைன்னா நிலம் சுத்தம்னு அர்த்தம் இல்லை, இதுவரை யாரும் பதிவு பண்ணலைன்னுதான் அர்த்தம். பக்கத்துல காப்புக்காடு எல்லை எங்க ஓடுதுன்னு பாருங்க. மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தோட பட்டியல்ல அந்தக் கிராமம் இருக்கான்னும் பாருங்க, இருந்தா கட்டடத்துக்குத் தனியா அனுமதி வேணும். இவ்வளவும் பார்த்துட்டு, மனசாட்சின்னு ஒண்ணு இருக்கு, அதையும் ஒரு தடவை கேட்டுக்கோங்க.

வாடகை வீடு யோசனை எனக்கு 2022-ல வந்துச்சு. யோசனைன்னு சொல்றது பெரிய வார்த்தை. லீவுக்குப் போயிருந்தப்போ ஒரு டீச்சர் எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து அம்மாகிட்ட, "எங்கேயாவது ஒரு ரூம் கிடைக்குமா அக்கா, பாத்ரூம் உள்ளேயே இருந்தா போதும்"னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. உண்டு உறைவிடப் பள்ளி, தாலுகா ஆபீஸ், ஆரம்ப சுகாதார நிலையம், வனத்துறை, இதுக்கெல்லாம் கீழ இருந்துதான் நிறைய பேர் வர்றாங்க. ஜமுனாமரத்தூர் தனித் தாலுகா ஆன பிறகு ஆள் இன்னும் கூடிப் போச்சு, வீடு கூடலை. தினமும் மலை ஏறி இறங்குறவங்களைக் கேட்டுப் பாருங்க, கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிச் சொல்வாங்க.

அதனால நான் முதல்ல பார்த்தது, யார் குடி வருவாங்கங்கிறதைத்தான். வீட்டைக் கட்டிட்டு ஆளைத் தேடுறது இல்லை, ஆள் நிக்கிற இடத்துல வீட்டைக் கட்டுறது.

சரி, பணம்? பட்டாவை எடுத்துக்கிட்டு கீழ ஒரு வங்கிக்குப் போனேன். பேர் வேண்டாம். மேலாளர் நல்லா உட்கார வச்சுத்தான் பேசினார். மூலப்பத்திரம் கேட்டார், ஒப்படை நிலத்துக்கு ஏது மூலப்பத்திரம். 30 வருஷ வில்லங்கம் கேட்டார், கொடுத்தேன், வெறுமையா இருந்தது. கடைசியா விஷயத்துக்கு வந்தார்: "நீங்க கட்டலைன்னா நாங்க ஏலம் விடணும். உங்க ஆளுங்களைத் தவிர வேற யாரும் இதை வாங்க முடியாது. அப்புறம் நாங்க எப்படி அடமானம் எடுக்கிறது?"

கோபம் வந்துச்சு. ஆனா பஸ்ல திரும்பி வரும்போது யோசிச்சேன். நிலத்தைக் காப்பாத்தின அதே ரெண்டு வரிதான் கடனைத் தடுக்குது. அது இல்லாம இருந்திருந்தா வங்கி கடன் கொடுத்திருக்கும், ஆனா 2019-லேயே அந்த நிலம் எங்ககிட்ட இருந்திருக்காது. இதுக்கு என்கிட்ட தீர்வு இல்லை. கடனுக்கு அரசே உத்தரவாதம் கொடுத்தா சரியா வரும்னு எனக்குத் தோணுது, அது என் கருத்து மட்டும்தான்.

ஆக, நிலத்தை அடமானம் வைக்காம கட்டணும். 380 சதுர அடி, ஒரு அறை, சமையல்கட்டு, உள்ளேயே பாத்ரூம். 7 லட்சத்துல முடியும்னு போட்ட கணக்கு 8 லட்சத்து 20 ஆயிரத்துல வந்து நின்னது. சிமென்ட்டும் கம்பியும் செங்கல்லும் போளூர்ல இருந்து ஏறணும், அந்த லாரி வாடகையை நான் ரொம்பக் குறைச்சுப் போட்டுட்டேன். முதல் தப்பு.

அந்த 8 லட்சத்து 20 ஆயிரம் வந்த வழி இது. என் சேமிப்பு 2 லட்சத்து 30 ஆயிரம். வேலைக்குச் சேர்ந்தப்போ சம்பளம் 14,000, கட்டுற நேரத்துல 22,000, இப்போ 31,000. ஹாஸ்டல் சாப்பாட்டை வச்சுத்தான் அந்தச் சேமிப்பு. அடுத்தது சீட்டு. 3 லட்சம் சீட்டு, மாசம் 10,000, 30 மாசம். ஏழாவது மாசம் ஏலத்துல எடுத்தேன், தள்ளும் கமிஷனும் போக கைக்கு 2 லட்சத்து 55 ஆயிரம். வீட்டுக் கடன் வட்டியை விட இது கூடன்னு தெரிஞ்சேதான் எடுத்தேன், அந்த வீட்டுக் கடன் எனக்குக் கிடையாதே. பதிவு பண்ணின சீட்டுக் கம்பெனி, 1982 சிட் ஃபண்ட் சட்டத்துக்குக் கீழ வர்றது. எடுத்த சீட்டுக்கு ஜாமீன் கேட்டாங்க, சம்பளச் சீட்டு இருக்கிற ரெண்டு பேர். அதுல ஒருத்தி அந்த டிபன் பாக்ஸ் தோழி. தெருவுல அக்கா நடத்துற சீட்டுல போட்டா இந்தத் தொல்லை எதுவும் இல்லை, ஆனா அக்கா ஒருநாள் ஊரை விட்டுப் போயிட்டா கேட்க நாதியும் இல்லை.

அப்புறம் நகைக்கடன், 1 லட்சத்து 85 ஆயிரம். அம்மாவோட ஆறு பவுன். ஆபரேஷனுக்கு அடகு வச்சு மீட்ட அதே நகை. இதைச் சொல்லும்போதே கூச்சமா இருக்கு. நம்ம வீடுகள்ல பெண்களோட நகைதான் முதல் வங்கி, அதுக்கு யாரும் நன்றிகூடச் சொல்றதில்லை. நான் அம்மாகிட்ட ஒரு தேதி சொன்னேன், 2025 பிப்ரவரிக்குள்ள கழுத்துக்கு வந்துடும்னு. வந்துடுச்சு. நகைக்கடன்ல இருக்கிற ஆபத்து, வருஷா வருஷம் வட்டியை மட்டும் கட்டி மாத்தி வைக்கிறது. அசல்ல மாசம் கொஞ்சமாவது கட்ட முடியும்னா மட்டும் வைங்க.

அண்ணன் ஒரு லட்சம் கொடுத்தார். மீதி 50,000 போளூர் கடைக்காரர்கிட்ட கடன், நாலு மாசத்துல தீர்த்தோம்.

அண்ணனைப் பத்திச் சொல்லணும். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டுல 20 பேர் சுடப்பட்டு இறந்தாங்க, செம்மரம் வெட்டப் போனவங்கன்னு சொல்லி. அதுல எங்க மாவட்டத்துக்காரங்க நிறைய. அண்ணனுக்கு அப்போ 19 வயசு. எங்க பக்கத்துல வேன் வந்து ஆள் ஏத்திக்கிட்டுப் போறது, முன்பணம் கொடுக்கிறது எல்லாம் ரகசியமே இல்லை. அண்ணன் அந்த வருஷம் பெங்களூருல கொத்து வேலைக்குப் போயிருந்தார். வேற காரணம் எதுவும் இல்லை, மாமா ஒருத்தர் அங்க மேஸ்திரியா இருந்தார், அதனால. அன்னிக்கு ராத்திரி போன்ல அண்ணன் குரலைக் கேட்கிற வரைக்கும் அம்மா சாப்பிடலை. கையில காசு இல்லாத மலையில யார் முன்பணம் கொடுத்தாலும் அது கடன் இல்லை, தூண்டில்.

அந்த அண்ணன்தான் 2023-ல எட்டு மாசம் இங்கேயே தங்கிச் சுவர் எழுப்பினார். அவருக்குக் கூலி போட்டிருந்தா இன்னும் ஒன்றரை லட்சம் கூடியிருக்கும். இதையும் நோட்டுல தனியா எழுதி வச்சிருக்கேன், இல்லைன்னா கணக்கு பொய் சொல்லும்.

2023 செப்டம்பர்ல திண்ணையில கேட்ட அந்த டீச்சரே குடி வந்தாங்க. மாசம் 4,500, அட்வான்ஸ் 20,000. மின்சாரத்துக்குத் தனி மீட்டர் வாங்கினோம், ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் அவங்களுக்கே போகட்டும்னு. 11 மாச ஒப்பந்தம், எழுத்துல. ஒரு வருஷத்துக்கு மேலன்னா குத்தகையைப் பதிவு பண்ணியே ஆகணும். நகரத்துல வாடகைக்கு விடுறவங்க 2017 வாடகைச் சட்டத்தையும் பார்க்கணும், 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்தது. எழுத்து ஒப்பந்தமும் வாடகை அதிகாரிகிட்ட பதிவும் அதுல கட்டாயம். ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்கலைன்னா மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாது.

2024-ஆம் வருஷக் கணக்கைச் சொல்றேன். ஜூன்ல டீச்சருக்கு மாறுதல் வந்துடுச்சு. ரெண்டு மாசம் காலி. பத்து மாச வாடகை 45,000. தண்ணித் தொட்டி மூடியைக் குரங்கு தூக்கி எறிஞ்சதுல தொட்டியை மாத்தினோம், பெயிண்ட், வீட்டு வரி, எல்லாம் 6,500. கையில நின்னது 38,500. போட்ட பணத்துக்கு 4.7%. அந்த 8 லட்சத்து 20 ஆயிரத்தை அப்படியே 7% வட்டிக்கு வைப்பு நிதியில போட்டிருந்தா 57,400 வந்திருக்கும், குரங்குத் தொல்லையும் கிடையாது. நிலத்துக்கு ஒரு பைசா கொடுக்காமலே இந்த நிலைமை. வாங்கின இடத்துல கட்டியிருந்தா நினைச்சே பார்க்க முடியாது.

இதைச் சொன்னா, "அப்புறம் ஏன் கட்டினே?"ன்னு கேட்கிறாங்க. 2023-க்கு அப்புறம் அப்பா முன்னாடி யாரும் ஸ்டாம்ப் பேப்பரோட வந்து உட்காரலைங்க. சாமை மட்டும் விளைஞ்ச இடத்தைச் "சும்மாக் கிடக்கிற நிலம்"னு சொன்னவங்க, வீடும் விளக்கும் வந்த பிறகு அப்படிச் சொல்றதில்லை. அதுக்கு நோட்டுல எந்தப் பக்கத்துல எழுதுறதுன்னு தெரியலை.

ரெண்டாவது போர்ஷன் 2025-ல. 260 சதுர அடி, ஒரு அறை, பாத்ரூம், முன்னாடி சின்ன வராண்டா. செலவு 5 லட்சத்து 40 ஆயிரம். அம்மா மகளிர் குழுவுல 1 லட்சத்து 20 ஆயிரம் கடன் எடுத்தாங்க, அண்ணன் 2 லட்சத்து 20 ஆயிரம், நான் 2 லட்சம். இதை மாச வாடகைக்கு விடலை. சனி ஞாயிறுல வர்றவங்களுக்கு ஒரு ராத்திரி 1,500. பீமன் மடவு அருவி பார்க்க, கோலப்பன் ஏரியில படகு ஓட்ட, காவலூர்ல நட்சத்திரம் பார்க்க வர்றாங்க. வேலூர், பெங்களூரு பைக் பசங்கதான் அதிகம். ஆகஸ்ட்ல இருந்து ஜனவரி வரைக்கும் ஆறு மாசத்துல 46 ராத்திரி. 69,000 வந்துச்சு. போர்வை துவைக்க, சோப்பு, டிராக்டர் தண்ணி, சின்னச் சின்ன ரிப்பேர் 19,000. மீதி 50,000.

போட்ட பணத்தைப் பார்த்தா அருமையான கணக்கு. ஆனா ராத்திரி 11 மணிக்கு வழி தெரியாம போன் பண்றவங்களை எதிர்கொண்டு கூட்டிட்டு வர்றது அண்ணன். காலையில இட்லி வைக்கிறது அம்மா. ரெண்டு பேருக்கும் சம்பளம் போட்டா அந்த 50,000 காணாமப் போயிடும். அதனால என் அபிப்பிராயம் இதுதான்: முதல் போர்ஷன் முதலீடு, ரெண்டாவது போர்ஷன் ஒரு வேலை. பெங்களூருக்குப் போக வேண்டாத வேலை, அண்ணனுக்கு அது போதும். நீங்க சென்னையில உட்கார்ந்துக்கிட்டு மலையில ஹோம்ஸ்டே நடத்தலாம்னு நினைச்சா, அந்த 11 மணி போனை யார் எடுக்கப் போறாங்கன்னு முதல்ல முடிவு பண்ணிடுங்க. அதோட, ஏப்ரல் மே மாசம் எங்க பக்கம் தண்ணி கஷ்டம். கோடையில மலை குளுமையா இருக்கும்னு வர்றவங்களுக்கு ஒரு வாளித் தண்ணியில குளிக்கச் சொல்ல முடியாது. அந்த ரெண்டு மாசம் வராதுன்னே வச்சுக் கணக்குப் போடுறேன்.

அப்போ ஒண்ணுமே இல்லாதவங்க எங்க தொடங்குறது? நிலம், வீடு ஏதாவது குடும்பத்துல சும்மா இருந்தா அதுல தொடங்குங்க. ஊர்ல பூட்டிக் கிடக்கிற பாட்டி வீட்டுக்குக் கழிப்பறை கட்டி, வயரிங் மாத்தி வாடகைக்கு விடுறது 60 லட்சம் ஃபிளாட்டை விட நல்ல கணக்கா இருக்கலாம். கடன் எடுக்கிறவங்க, மாறும் வட்டிக் கடன்ல முன்கூட்டியே கட்டினா தனிநபருக்கு அபராதம் கிடையாதுங்கிறதைப் பயன்படுத்துங்க. 2025-ஆம் வருஷத்துக்குள்ள ரெப்போ வட்டி 6.5-ல இருந்து 5.25-க்கு இறங்கிடுச்சு, உங்க கடன்ல அது இறங்கிச்சான்னு வங்கியில போய்க் கேளுங்க, தானா யாரும் போன் பண்ணிச் சொல்ல மாட்டாங்க. 10 லட்சத்துக்குள்ள சொத்தைப் பெண் பேர்ல வாங்கினா பதிவுக் கட்டணத்துல 1% குறைவு, 2025 ஏப்ரல்ல இருந்து. வாடகை வருமானத்தோட ருசி மட்டும் பார்க்கணும்னா பங்குச் சந்தையில ரீட் யூனிட் இருக்கு, ஆபீஸ் கட்டடங்களோட வாடகையில பங்கு. சில நூறு ரூபாய்க்கே வாங்கலாம். எனக்கு அதுல கொஞ்சம் இருக்கு. குரங்கு வராத ஒரே சொத்து அதுதான்.

எங்களுக்கு அடுத்து, இன்னும் ரெண்டு ரூம் கட்ட அண்ணன் பேர்ல தாட்கோவுல விண்ணப்பம் போட்டிருக்கோம். திட்டச் செலவுல 35%, அதிகபட்சம் மூணரை லட்சம் வரை மானியம். ஆனா மீதிக் கடனை ஒரு வங்கிதான் தரணும். போன வாரம் கூப்பிட்டாங்க, போனோம். அடமானமா என்ன இருக்குன்னு கேட்டாங்க. பட்டாவைக் காட்டினோம். பார்த்துட்டு, சொல்லி அனுப்புறோம்னு சொல்லியிருக்காங்க.

அண்ணன் அதுக்குள்ள தொட்டிக்கு இரும்பு மூடி போட்டுட்டார், கொக்கியோட. குரங்கு இன்னும் திறக்கலை.